தூரத்து ஃப்ரெண்ட்ஸோட சேந்து புக் படிச்சா எதுல பேசிக்கிறது? வாட்ஸ்அப்பா, மெயிலா, லெட்டரா, இல்ல ஒரே காப்பிய சுத்த விடுறதா?

ரெண்டு மூணு பேரு சேந்து ஒரு புக் படிக்கலாம்னு முடிவு பண்றது ரெண்டு நிமிஷ வேலை. எந்த புக்குன்னு முடிவு பண்ண ஒரு வாரம் ஆகும், அதுவும் பரவால்ல. ஆனா படிச்சதைப் பத்தி எதுல பேசிக்கிறதுன்னு மட்டும் யாரும் யோசிக்கிறதே இல்ல, அதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே, ஒரு குரூப் ஆரம்பிச்சா முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குறோம். நாங்களும் அப்டித்தான் நெனச்சோம். நாங்கன்னா மூணு பேரு, காலேஜ்ல ஒரே பெஞ்ச், இப்ப ஆளுக்கொரு ஊர், அதுல ஒருத்தி வேற டைம் ஜோன்ல இருக்கா, நான் தூங்கப் போறப்ப அவ பல்லு வெளக்கிட்டு இருப்பா. இந்த ஆறு வருஷத்துல வாட்ஸ்அப், வாய்ஸ் நோட், பேப்பர் லெட்டர், மெயில், கூகுள் டாக், ஒரே புக்க பார்சல்ல அனுப்பி அனுப்பி ஓரத்துல எழுதுறதுன்னு எல்லாத்துலயும் ஒரு ரவுண்டு வந்தாச்சு, சிலது பாதியில செத்துப்போச்சு, சிலது இன்னும் ஓடுது. போன மாசம் ரெண்டு பேரு தனித்தனியா வந்து 'நாங்களும் ஆரம்பிக்கப் போறோம், எது பெஸ்ட்'னு கேட்டாங்க, ரெண்டு பேருக்கும் போன்ல அரைமணி நேரம் பேசினேன், அதையே இங்க எழுதிடுறேன்.

நான் இதையெல்லாம் எத வெச்சு எடை போடுறேன்னு மொதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா ஏன் வாட்ஸ்அப்ப இவ்ளோ திட்டுறேன்னு புரியாது. வேகம், வசதி, செலவு இதெல்லாம் எனக்கு ரெண்டாவதுதான். புக்க மூடி வெச்சதுக்கும் அதைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட வாயத் தொறக்குறதுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் கெடைக்குது, அதத்தான் நான் பாப்பேன். அஞ்சு நிமிஷம் கெடைச்சா 'செம்ம'ன்னு வரும். ஒரு நாள் கெடைச்சா 'அந்தப் பாட்டி ஏன் கடைசி வரைக்கும் கதவத் தொறக்கல'ன்னு வரும். ஒரு வாரம்னா எழுத உக்காந்தப்ப நெனச்சது ஒண்ணு, எழுதி முடிச்சப்ப நெனக்கிறது இன்னொண்ணுன்னு ஆகிடும், எனக்கு அதுதான் புடிக்கும். ரெண்டு மாசம்னா கதையே மறந்துடும், அதுவும் நடந்திருக்கு.

வாட்ஸ்அப்லேந்தே ஆரம்பிக்கிறேன், எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க. மொத வாரம் அமர்க்களமா இருக்கும். 'முப்பது பக்கம் தாண்டிட்டேன் டா', 'எனக்கு இன்னும் புக்கே வரல', 'மொத அத்தியாயமே வேற லெவல்', அதுக்கு நாலு கட்டைவிரல். ரெண்டாவது வாரம் யாராவது ஒரு பாராவ போட்டோ எடுத்துப் போடுவாங்க, நல்ல பாராதான், மத்த ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஹார்ட் போடுவாங்க, அதோட அந்தப் பாராவோட கத முடிஞ்சுது. எனக்கு அதுல சொல்ல விஷயம் இருந்துச்சு, ஆனா மீட்டிங்ல இருந்தேன், சாயங்காலம் வந்து பாத்தா நடுவுல ஒரு பூனை வீடியோ, ஒரு வேலைவாய்ப்பு ஃபார்வர்டு, யாரோ ஒருத்தரோட பையன் சைக்கிள் ஓட்டுறது எல்லாம் வந்து குமிஞ்சு அந்தப் பாரா எங்கியோ மேல போயிருச்சு. அதை மறுபடி கீழ இழுத்துட்டு வந்து பேசக் கூச்சமா இருக்கும், பஸ்ஸு போனப்புறம் நின்னு கை காட்டுற மாதிரி.

அப்புறம் ஸ்பாய்லர். வேற டைம் ஜோன்ல இருக்கான்னு சொன்னேனே, அவ வேகமா படிக்கிறவ, ஒரே ராத்திரியில முடிச்சுட்டு விடிகாலைல 'அந்தத் தம்பி சாவான்னு நான் எதிர்பாக்கவே இல்ல'ன்னு போட்டுட்டா, போட்ட அடுத்த செகண்டே டெலீட்டும் பண்ணிட்டா, ஆனா என் போன்ல நோட்டிபிகேஷன்ல மொத வரி வந்து நின்னுருச்சு, அந்தத் தம்பி சாகறதுக்கு எனக்கு இன்னும் நூத்தி எழுவது பக்கம் இருந்துச்சு. டெலிகிராம்ல 2021 கடைசிலேந்து எழுதுனத மறைச்சு அனுப்புற வசதி இருக்கு, தட்டுனாத்தான் தெரியும், அது ஓரளவுக்கு உதவும். ஆனா ஆர்வத்துல டைப் பண்ற ஆளுக்கு மறைக்கணும்னு ஞாபகம் வந்தாத்தானே.

இன்னொரு கூத்து, குரூப்ல யாரோ எப்பவோ மெசேஜ் தானா அழியுற செட்டிங்க ஆன் பண்ணி விட்டிருக்காங்க, நாங்க ஒரு நாவலோட முடிவப் பத்தி ஒரு ராத்திரி முழுக்க அடிச்சுக்கிட்ட சண்டை, நெஜமாவே நல்ல சண்டை, அப்டியே காத்தோட போச்சு. அது இருந்திருந்தாலும் தேடி எடுக்கிறது கஷ்டந்தான், 'பாட்டி'ன்னு தேடுனா எல்லாரோட பாட்டிக்கும் உடம்பு சரியில்லாதது எல்லாம் வரும்.

இவ்ளோ திட்டிட்டும் அந்தக் குரூப்ப நாங்க இன்னும் வெச்சிருக்கோம். 'எங்க இருக்க', 'அத்தியாயம் ஒம்பது', 'சரி ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெயிட் பண்றேன்', இதுக்கு அத விட நல்லது எதுவும் கெடையாது. புக்கப் பத்திப் பேச்ச மட்டும் அங்க வெச்சுக்குறதில்ல.

வாய்ஸ் நோட்ட வாட்ஸ்அப்போட சேத்து எழுதக்கூடாது, அது வேற ஜாதிப் பண்டம். அது அங்க வந்தது 2013-ல, ஒன்றரை மடங்கு ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விடுற வசதி 2021-ல வந்துச்சு, ரெண்டாவதக் கண்டுபுடிச்சவங்க கவிதை கேக்காதவங்களா இருக்கணும். நாவலுக்கு வாய்ஸ் நோட் சுமார்தான். கவிதைக்கு அத அடிச்சுக்க ஆளே இல்ல. பழைய பாட்டு ஒண்ண மூணு பேரும் படிச்சுட்டு இருந்தப்ப, எங்க குரூப்ல ரொம்ப பேசாதவன் ஒருத்தன் இருக்கானே, அவன் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புனான், ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. பாட்ட படிக்கிறான், மூணாவது அடியில நிக்கிறான், பக்கம் பொரள்ற சத்தம் கேக்குது, 'இரு, தப்பா பிரிச்சுட்டேன்'னு சொல்லிட்டு மறுபடி படிக்கிறான், இந்த தடவ வேற எடத்துல மூச்சு விடுறான், அர்த்தம் டக்குனு வேற பக்கம் திரும்பிருச்சு. இத அவன் டைப் பண்ணி அனுப்பியிருந்தா கடைசியா கண்டுபுடிச்ச அர்த்தம் மட்டும்தான் வந்திருக்கும், நடுவுல தடுமாறுனது வந்திருக்காது.

இது ஒண்ணும் புது விஷயமும் இல்ல. தொல்காப்பியத்துலயே இதுக்கு ஒரு நூற்பா, அதாவது சூத்திரம், இருக்கு, எழுத்து ஒரே மாதிரி இருந்து பொருள் மட்டும் ரெண்டா வர்ற எடத்துல சொல்ற ஓசையிலதான் வித்தியாசம் தெரியும்னு. உரைக்காரங்க அதுக்குக் குடுக்குற உதாரணம் செம்பொன்பதின்றொடி. செம்பொன் பதின் தொடின்னு நிறுத்துனா பத்து தொடி தங்கம், செம்பு ஒன்பதின் தொடின்னு நிறுத்துனா ஒம்பது தொடி செம்பு, தொடிங்கிறது ஒரு எடை. எழுதி அனுப்புனா ரெண்டும் ஒண்ணுதான், வாயால சொன்னாத்தான் தங்கமா செம்பான்னு தெரியும்.

ஆனா பதினோரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புறவங்க இருக்காங்க பாருங்க, (நானும் அனுப்பியிருக்கேன்), அது ஒரு தண்டனை. கேக்க ஆரம்பிக்கறதுக்கே ஒரு நல்ல நேரம் பாக்கணும், கேட்டு முடிக்கிறப்ப மொதல்ல சொன்ன ரெண்டு பாயிண்ட் மறந்து போய் கடைசியா சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்லுவோம், திரும்பத் தேடவும் முடியாது, மேற்கோள் காட்டவும் முடியாது. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு ரூல் போட்டுக்கிட்டா வாய்ஸ் நோட் பொழைக்கும்.

வீடியோ கால் பத்தி ரெண்டு வரி போதும். மாசத்துக்கு ஒருக்கா பண்ணிப் பாத்தோம். சத்தமா பேசுறவங்க படிச்சதுதான் அந்த மாசத்தோட புக் ஆகிப்போச்சு.

இப்ப லெட்டர். பேப்பர், பேனா, கவர், ஸ்டாம்ப் எல்லாம். இத சொன்னாலே ரெண்டு வித ரியாக்ஷன் வரும், ஒண்ணு 'அய்யோ எவ்ளோ அழகு', இன்னொண்ணு 'பைத்தியமா உனக்கு'. ரெண்டும் தப்பில்ல. மொதல்ல நல்ல பக்கம். எழுத ஆரம்பிச்சா பேக்ஸ்பேஸ் கெடையாது, அதனால ஒரு வரிய எழுதறதுக்கு முன்னாடியே பாதி யோசிச்சிருப்போம், மீதிய அடிச்சிருப்போம், அடிச்சதும் போய்ச் சேரும். அவளோட ஒரு லெட்டர்ல 'இந்த எழுத்தாளருக்குப் பெண்களைப் பத்தி ஒண்ணுமே தெரியாது'ன்னு எழுதி, 'ஒண்ணுமே'ங்குறத அடிச்சு மேல 'கொஞ்சம்தான்'னு எழுதி, அதையும் அடிச்சு மறுபடி 'ஒண்ணுமே' போட்டிருந்தா. அந்த மூணு வார்த்தைக்கு நடுவுல என்ன நடந்திருக்கும்னு நான் ரெண்டு நாள் யோசிச்சேன், அப்புறம் அந்த நாவல மறுபடி எடுத்து அந்த அத்தியாயத்த மட்டும் படிச்சேன், எனக்குக் 'கொஞ்சம்தான்'னு பட்டுச்சு.

புக்கப் பத்தி அடிக்கடி மேற்கோள் காட்டுற ஒரு வரியே ஒரு ஃப்ரெண்டுக்கு எழுதுன லெட்டர்லேந்து வந்ததுதான். நமக்குள்ள ஒறஞ்சு கெடக்குற கடல ஒடைக்கிற கோடாரியா புக்கு இருக்கணும்னு ஜெர்மன்ல எழுதுன காஃப்காங்குற எழுத்தாளர் சொன்னது, 1904-ல, இருபது வயசுல, கூடப் படிச்ச ஆஸ்கர் போலாக்குக்கு எழுதுனது. ஹெபெல்ங்குற ஜெர்மன் நாடகாசிரியரோட டைரிய, கிட்டத்தட்ட 1800 பக்கம், ஒரே மூச்சுல படிச்சு முடிச்ச சூட்டுல எழுதுன லெட்டர் அது, ஏதோ மேடையில பேசுனது இல்ல. தமிழ்லயும் இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி.யோட லெட்டருங்க தொகுப்பா வந்திருக்கு. எழுத்தாளர் கு. அழகிரிசாமி இன்னொரு எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு எழுதுனதும் புத்தகமா இருக்கு, அது கெடச்சதுக்குக் காரணம் வாங்குனவரு தூக்கிப் போடாம வெச்சிருந்தாரு, அவ்ளோதான். லெட்டர்ல இது ஒரு விநோதம், நாம எழுதுனது நம்மகிட்ட இருக்காது, அடுத்தவங்க வீட்ல இருக்கும். ஆறு மாசம் கழிச்சு 'நீ அப்ப அப்டித்தானே சொன்ன'ன்னு அவ பதில் எழுதுறப்ப நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது. அதனால ஒட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, கொஞ்சம் பாவமாத்தான் இருக்கும், ஆனா எடுத்து வெச்சுக்கங்க.

கெட்ட பக்கம் என்னன்னா லெட்டருங்க நடுவழியில கிராஸ் ஆகிடும். நான் ஒரு புக்க தாறுமாறா திட்டி எழுதிப் போட்டேன், அது போய்ச் சேர்றதுக்குள்ள கடைசி நூறு பக்கம் படிச்சு மனசு மாறி, மன்னிப்பு கேக்குற மாதிரி இன்னொண்ணு எழுதிப் போட்டேன், அதே நேரத்துல மொத லெட்டருக்கு அவ 'கரெக்ட்டா சொன்ன, எனக்கும் புடிக்கல'ன்னு பதில் போட்டுட்டா, அப்புறம் என் ரெண்டாவது லெட்டர் போய் அவள மாட்டி விட்ருச்சு. அதத் தீத்து வைக்க கடைசியில போன்தான் பண்ண வேண்டியிருந்துச்சு. மூணு பேருன்னா லெட்டர் இன்னும் சிக்கல். ஒரே கவர் சுத்தி வர்ற மொறை ஒண்ணு ரொம்ப காலமா இருக்கு, எல்லாரோட லெட்டரும் அதுல இருக்கும், ஒங்ககிட்ட வர்றப்ப உங்க பழைய லெட்டர எடுத்துட்டுப் புதுச வெச்சு அடுத்த ஆளுக்கு அனுப்பணும். ஐடியா அருமை. எங்க கவர் நாலாவது சுத்துல எங்கியோ போய் ஒக்காந்துக்கிச்சு, இன்னிக்கு வரைக்கும் வரல. அதோட சேந்து மூணு பேரோட லெட்டரும் போச்சு. இன்னொண்ணு, தபால் எப்பவும் இருக்கும்னும் நெனச்சுக்காதீங்க, டென்மார்க்ல அரசாங்கத்தோட தபால் கம்பெனி 2025 கடைசியோட லெட்டர் டெலிவரியவே நிறுத்திருச்சு.

ஸோ லெட்டர், ரெண்டே ரெண்டு பேருக்கு, அதுவும் ரெண்டு பேருக்கும் பொறுமை ஒரே அளவு இருந்தா. ஒருத்தருக்கு அவசரம் இன்னொருத்தருக்கு நிதானம்னா அவசரக்காரங்க தெனமும் கேட் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்து வருத்தப்படுவாங்க.

கூகுள் டாக் பத்தி அதிகமா சொல்ல ஒண்ணும் இல்ல. புக்கோட எழுத்த அதுல போட்டு வரிக்கு வரி கமெண்ட் அடிக்கலாம், ஆனா காப்பிரைட் இருக்குற புக்க அப்டிப் போடக்கூடாது, காப்பிரைட் முடிஞ்சு பொதுவுக்கு வந்ததத்தான் போடலாம். மதுரைத் திட்டம் 1998-லேந்து பழைய தமிழ் நூலுங்கள ஏத்தி வெச்சிருக்கு, விக்கிமூலம் இருக்கு, இங்கிலீஷுக்குன்னா 1971-லேந்து ஓடுற பிராஜெக்ட் குட்டன்பெர்க். சங்கப் பாட்டு மாதிரி சின்னதா அடர்த்தியா இருக்குறதுக்கு இது நல்லாவே வேல செஞ்சுது. ஆனா கமெண்டுக்குப் பக்கத்துல ஒரு டிக் இருக்கும், அத அமுக்குனா 'தீர்க்கப்பட்டது'ன்னு சொல்லி மறைச்சுடும், தலைவி நெஜமாவே அழுதாளா இல்ல தோழிதான் அப்டிச் சொன்னாளான்னு நாங்க மூணு நாளா பேசிட்டு இருந்தத ஒருத்தன் டிக் அடிச்சு மூடிட்டுப் போயிட்டான். ஆபீஸ் ஃபைல் மாதிரி ஆகிருச்சு.

இப்ப மெயில். பாக்க சப்புனு இருக்கும். நெட்வொர்க் வழியா மெயில் அனுப்புறத ரே டாம்லின்சன் பண்ணது 1971-ல, அதாவது இந்த லிஸ்ட்ல போன் சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் விட அதுதான் கெழடு. ஆனா ஆறு வருஷத்துல எங்களுக்கு நிலைச்சு நின்னது இதுதான், ஏன்னு யோசிச்சா, இதுல மட்டும்தான் இடைவெளிய நாமளே வெச்சுக்கலாம். அவசரம்னா பத்து நிமிஷத்துல பதில், இல்லன்னா பத்து நாள், ரெண்டுக்கும் யாரும் மூஞ்சியத் தூக்கிக்க மாட்டாங்க, நீல டிக் எதுவும் கெடையாது. டைம் ஜோன் தொல்லையும் இல்ல. முக்கியமா, அந்தப் பேசாத ஃப்ரெண்டு. காலேஜ்ல நாலு வருஷம், வீடியோ கால்ல ஒரு வருஷம், அவன் எந்த புக்குக்கும் 'நல்லாருந்துச்சு'க்கு மேல ஒரு வார்த்த சொன்னதில்ல. மெயில் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம் அவன்கிட்டேந்து ஒண்ணு வந்துச்சு, பிரிண்ட் போட்டா நாலு பக்கம், நாங்க ரெண்டு பேரும் கவனிக்காம தாண்டிப் போன ஒரு வேலைக்காரப் பையன் அந்த நாவல்ல எத்தன தடவ வர்றான், ஒவ்வொரு தடவையும் கையில என்ன வெச்சிருக்கான்னு எழுதியிருந்தான். கதையில எல்லாரும் அழுவுற காட்சியில அவன் கையில ஒண்ணுமே இல்லியாம். நாங்க திரும்பிப் போய்ப் பாத்தோம், ஆமா.

மெயிலுக்கு ரூல் வேணும், இல்லன்னா அதுவும் கெட்டுரும். எங்களுது என்னன்னா ஒரு புக்குக்கு ஒரே ஒரு மெயில் சங்கிலி, வேற எந்தப் பேச்சும் அதுல வரக்கூடாது, வீட்டு விசேஷம்னா தனி மெயில் போடு. சப்ஜெக்ட்லயே 'அத்தியாயம் 12 வரைக்கும்'னு எழுதிடணும், பன்னண்டு தாண்டாதவங்க தொறக்கவே மாட்டாங்க, ஸ்பாய்லர் பிரச்சனை அதோட தீந்துச்சு. பக்க எண்ண நம்பக்கூடாது, பதிப்புக்குப் பதிப்பு மாறும், இ-புக்குல எழுத்து சைஸ பெருசு பண்ணுனாலே எல்லாம் நகந்துரும், அதனால அத்தியாயமும் அந்தப் பாராவோட மொத நாலு வார்த்தையும் குடுத்தாப் போதும். அப்புறம் வரிக்கு வரி அடியில பதில் எழுதுறது தடை. மொதல்ல அப்டித்தான் பண்ணோம், நான் எழுதுன ஒவ்வொரு வரிக்கும் கீழ அவ ஒரு மறுப்பு எழுதி அனுப்புவா, படிக்கிறப்ப கோர்ட்டுல கூண்டுல நிக்கிற மாதிரி இருக்கும், பதிலுக்கு நானும் அதே மாதிரி செய்வேன், நாலாவது சுத்துல புக்கக் காணோம், நாங்க ரெண்டு பேரும்தான் இருந்தோம்.

மெயிலுக்குன்னு ஒரு வியாதி உண்டு, 'விரிவா எழுதறேன்'. நல்ல மெயில் வந்துச்சு, அதுக்கு ஈடா எழுதணும், ஞாயித்துக்கிழமை ஒக்காந்து எழுதறேன்னு தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டதுக்கே ஒரு குற்ற உணர்ச்சி வந்து, அதனால இன்னும் பெருசா எழுதணும்னு ஆகி, மூணு மாசம் போயிரும். இப்டியே ஒரு நல்ல புக்கோட பேச்சு எங்களுக்குப் பாதியில நின்னுபோச்சு, காரணம் நான்தான். அதுக்கப்புறம் மூணு வரி மெயில் செல்லும்னு முடிவு பண்ணோம், 'படிச்சேன், நீ சொன்ன பாட்டி விஷயம் சரி, மீதி அப்புறம்'னு போட்டாலே கணக்கு.

ஒரே காப்பிய சுத்த விடுறத கடைசியா வெச்சிருக்கேன், எனக்கு ரொம்பப் புடிச்சதும் அதான், எல்லாருக்கும் சொல்லத் தயங்குறதும் அதான். ஒரு புக்கு வாங்கி, மொத ஆளு படிச்சுக்கிட்டே ஓரத்துல பென்சில்ல எழுதுவாங்க, அப்புறம் பார்சல், ரெண்டாவது ஆளு புக்கையும் படிப்பாங்க, மொத ஆளு எழுதுனதையும் படிப்பாங்க, ரெண்டுக்கும் பதில் எழுதுவாங்க, அப்புறம் மூணாவது ஆளு. இதுக்கும் பழைய ஆளுங்க இருக்காங்க, கோல்ரிட்ஜ்ங்குற இங்கிலீஷ் கவிஞர் அடுத்தவங்க புக்க வாங்கிட்டுப் போயி ஓரமெல்லாம் எழுதித் தள்ளித்தான் திருப்பிக் குடுப்பாரு, அவரோட ஃப்ரெண்டு சார்லஸ் லாம் 1820-ல எழுதுன ஒரு கட்டுரையில, புக்கு கடன் குடுத்தா இந்த மாதிரி ஆளுக்குக் குடுங்க, வட்டியோட திரும்பி வரும்ங்குற மாதிரி சொல்லியிருப்பாரு.

எங்க மொத சுத்துப் புக்கு இப்ப என் மேசை மேல இருக்கு. நான் சாதா பென்சில், அவ நீலம், அவன் செவப்பு. எழுபத்தி மூணாவது பக்கத்துல அப்பா பையனுக்கு அட்வைஸ் பண்ற ஒரு பாரா, அதுக்கு நேரா நான் கோடு போட்டு 'அழகு'ன்னு எழுதியிருக்கேன். அதுக்குக் கீழ நீலத்துல 'பொய்'. அந்தப் 'பொய்'யிலேந்து ஒரு செவப்பு அம்புக்குறி பக்கத்தோட அடி வரைக்கும் எறங்கி, அங்க சின்னதா, 'அப்பாவுக்கும் அது பொய்ன்னு தெரியும், அடுத்த பக்கம் அவரு கண்ணாடியத் தொடைக்கிறத பாருங்க'. அடுத்த பக்கம் திருப்புனா அந்தாளு கண்ணாடியத் தொடைக்கிறாரு. மூணு பேரோட கையெழுத்தும் ஒரு பாராவுக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கு, நடுவுல நாலு மாசம் ஓடியிருக்கு, ஆனா படிக்கிறப்ப ஒரே ரூம்ல பேசுற மாதிரி இருக்கு. இது வேற எதுலயும் வராது.

தொல்லைகளும் இருக்கு. அந்த ஒரு புக்கு மூணு பேரையும் தாண்ட எட்டு மாசம் ஆச்சு. மொத ஆளு பாவம், வெறும் புக்கத்தான் படிப்பாங்க, கடைசி ஆளுக்குத்தான் விருந்து, அதனால ஒவ்வொரு புக்குக்கும் வரிசைய மாத்தணும், கடைசி ஆளு முடிச்சதும் மொத ஆளுகிட்ட திரும்ப வந்தே ஆகணும். ஓரம் அகலமா இருக்குற பதிப்பாப் பாத்து வாங்கணும், முதுகு இறுக்கமா ஒட்டுன புக்குல உள்பக்கம் எழுதவே முடியாது, வழவழன்னு இருக்குற பேப்பர்ல பென்சில் ஏறாது. லைப்ரரி புக்குல செய்யவே கூடாது, இத சொல்ல வேண்டியிருக்கேன்னு நெனக்கிறேன், ஆனா ஒருத்தர் கேட்டாரு. அனுப்புறதுக்கு முன்னாடி எழுதுன பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, அந்தக் கவர் போன கதையத்தான் மேல சொன்னேனே. இன்னொண்ணு, ஓரத்துல எழுதறப்ப கை கூசும், மத்தவங்க பாப்பாங்கன்னு புத்திசாலித்தனமா எழுதத் தோணும். மொத முப்பது பக்கம் நான் எழுதுனத இப்பப் படிச்சா எனக்கே சிரிப்பா வருது, யாரோ பரிச்ச பேப்பர் திருத்துற மாதிரி.

இ-புக்குல ஹைலைட்டு பண்ணி ஷேர் பண்ணா இதேதானேன்னு கேப்பீங்க. பக்கத்துலகூட வராது. வாங்குன இ-புக்க பெரும்பாலும் கைமாத்த முடியாது, நம்ம கையில இருக்குறது லைசென்ஸ்தான். 2009-ல அமேசான், விக்க உரிமை இல்லாத ஆளு ஏத்துனதுன்னு சொல்லி ரெண்டு நாவல வாங்குனவங்களோட கிண்டில்லேந்தே, அதாவது அமேசானோட இ-புக் கருவியிலேந்தே, அழிச்சுது, ஒரு ஸ்டூடன்ட் ஹோம்வொர்க்குக்காக எடுத்து வெச்சிருந்த குறிப்பு எல்லாம் எதுக்கு நேரா எழுதுனதுன்னே தெரியாம உபயோகமில்லாம போச்சு, அப்புறம் கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு. ஆனா கண்ணு பிரச்சனை இருக்குறவங்களுக்கு, எழுத்த பெருசாக்கியே படிக்கணும்ங்குறவங்களுக்கு இ-புக்குதான் சரி, அப்ப பேச்ச மெயில்லயோ வாய்ஸ்லயோ வெச்சுக்கங்க.

ஸோ நீங்க எத எடுக்கணும்னா, எத்தன பேருங்குறத மொதல்ல பாருங்க. நாலு பேருக்கு மேலன்னா யோசிக்கவே வேண்டாம், மெயில், மத்ததெல்லாம் சிதறிப்போகும். ரெண்டு பேருன்னா எல்லாமே தொறந்திருக்கு, அப்ப புக்கப் பாத்து முடிவு பண்ணுங்க, கவிதைன்னா ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட்டு, கதைன்னா மெயில், ரெண்டு பேருக்கும் ஏற்கனவே புடிச்ச, மறுபடி படிக்கிற புக்கா இருந்தா சுத்தல் காப்பி, ஏன்னா கதை தெரிஞ்சிருக்குறதால மெதுவா போறது ஒரு பொருட்டே இல்ல. ஒருத்தர் வேகம் ஒருத்தர் மெதுன்னா வாட்ஸ்அப் பக்கமே போகாதீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஏற்கனவே ஏதோ மனஸ்தாபம் இருந்து புக்கு சாக்குல மறுபடி பேச ஆரம்பிக்கிறதா இருந்தா, இது என் சொந்த அபிப்ராயம், லெட்டர். பதில் வரலன்னா தபால்காரர் மேல பழிய போட்டுக்கலாம்.

நாங்க இப்ப பண்றது கலவைதான். மாசம் ஒரு புக்கு மெயில்ல, வருஷத்துக்கு ஒரே ஒரு புக்கு சுத்தல்ல, குரூப்ல வெறும் 'எங்க இருக்க' மட்டும். இந்த வருஷத்து சுத்தல் புக்கு அவன்கிட்டேந்து கெளம்பி மூணு வாரம் ஆச்சு, இந்தத் தடவ நான் ரெண்டாவது ஆளு.

ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டு நிறுத்திக்கறேன். மொத மெயில்ல விமர்சனம் எழுதாதீங்க. கதைச் சுருக்கம், ஆசிரியர் குறிப்பு, நடை, உத்தின்னு ரெண்டு பக்கம் போட்டா படிக்கிறவங்களுக்கு அதுல நொழைய எடமே இருக்காது, 'அருமையா எழுதியிருக்க'ன்னு பதில் வரும், அவ்ளோதான். ஒங்களுக்குப் புரியாத ஒரு எடத்த மட்டும் கேளுங்க. நான் அனுப்புனது ஒரே வரி, 'நாலாவது அத்தியாயத்துல அவ ஏன் அந்தக் கடுதாசிய படிக்காமயே மடிச்சு வெக்கிறா?' மறுநாள் அவகிட்டேந்து பதில் வந்துச்சு, 'படிச்சுட்டுத்தான் மடிச்சு வெக்கிறா, மறுபடி பாரு.' மறுபடி பாத்தேன், எனக்கு இன்னும் அவ படிக்கலன்னுதான் தோணுது.